புரசைவாக்கத்துக் கடிதங்கள்

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டுமென்றால் பொம்மிடிக்குத்தான் வர வேண்டும். சேர்வராயன் மலை பின்னால் மறைந்து, ஜோலார்பேட்டையும் தாண்டி, ஜன்னலோர இடம் கிடைத்த பிறகு கைபேசியில் சேமித்திருந்த பக்கங்களைத் திறந்தேன். 1806 முதல் லண்டனில் வெளிவந்த ‘மன்த்லி ரெபாசிட்டரி’ என்ற மாத இதழ் அது. அதில் அச்சான சில கடிதங்களை எழுதியவர் சென்னையில் இருந்த ஒரு தமிழர்.

பெற்றோர் வைத்த பெயர் திருவேங்கடம். இங்கிலீஷ்காரர் ஒருவரிடம் வேலைக்காரராகச் சேர்ந்து கப்பலேறி, கிறிஸ்தவராகி, வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். இங்கிலாந்தில் தியோபிலஸ் லிண்ட்சேயும் ஜோசப் பிரீஸ்ட்லியும் எழுதிய நூல்கள் அவர் கைக்கு வந்தன. பள்ளிக்கூடத்தில் ஆக்சிஜன் பாடத்தில் வருகிற அதே பிரீஸ்ட்லிதான். கடவுள் ஒருவரே, அவரில் மூவர் இல்லை, இயேசு வழிகாட்டி, ஆனால் கடவுள் அல்ல என்பது யுனிடேரியன்களின் கொள்கை. இப்படிப் பேசிய பிரீஸ்ட்லியின் வீட்டை 1791இல் பர்மிங்காம் கலவரக்காரர்கள் கொளுத்தினார்கள். 1794இல் அவர் அமெரிக்காவுக்கே போய்விட்டார்.

அடுத்த வருடம், 1795இல், சென்னை திரும்பியிருந்த ராபர்ட்ஸ் அதே கொள்கையில் தமிழர்களைக் கூட்டி வழிபாடு தொடங்கினார். எங்கள் பக்கத்துப் பாரமகால் பகுதி திப்பு சுல்தானின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய், அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நிலம் அளந்துகொண்டிருந்த காலம் அது.

சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

“யுனிடேரியன் சர்ச் போகணும்ணே, புரசைவாக்கம்.”

“எந்தச் சர்ச்சு சார்? இங்க சர்ச்சுக்கா பஞ்சம்?”

நகைக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை நெரிசலில் வண்டி ஊர்ந்தது. ராபர்ட்ஸின் சபை புரசைவாக்கத்தில் ஆலயம் கட்டியது 1813இல். கடவுளில் மூவர் என்னும் திரித்துவத்தை மறுப்பதை இங்கிலாந்துச் சட்டம் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியதும் அதே 1813இல்தான். லண்டனில் அச்சம் விலகிய வருடத்தில் இங்கே சுவர் எழும்பிவிட்டது. அச்சபை இன்றும் இருக்கிறது.

ராபர்ட்ஸின் கடிதங்கள் போனது லண்டன் எசெக்ஸ் தெரு யுனிடேரியன் ஆலயத்தின் போதகர் தாமஸ் பெல்ஷம் போன்றோருக்கு. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரப் பல மாதங்கள். பதில் வர ஒரு வருடம்கூட ஆகலாம். தான் எப்படி இந்தக் கொள்கைக்கு வந்தேன், சபை எப்படி நடக்கிறது, என்னென்ன புத்தகம் வேண்டும் என்று பொறுமையாக எழுதுகிறார். படித்துப் பட்டம் பெற்ற பாதிரியார் அல்ல. பாடுபட்டுக் கற்ற ஆங்கிலம். பெரும்பாலும் ஏழைகளே அவர் சபையினர்.

கடிதம் எழுதியவர் வீட்டில் தங்காது. வாங்கியவர் வீட்டில்தான் தங்கும். பெல்ஷம் அதை அச்சேற்றினார். அதனால்தான் காட்பாடிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் நான் அதைப் படிக்க முடிந்தது. ஆனால் வாங்கியவருக்கு எது வேண்டுமோ அதுதான் ஒரு கடிதத்தில் இருக்கும். லண்டனுக்கு எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், ராபர்ட்ஸ் வெள்ளைக்காரர்களிடம் உதவி கேட்டு நிற்கும் எளிய மனிதராகவே தெரிவார்.

கணக்கை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். 1795இல் தொடங்கிய சபை லண்டன்காரர்களின் காதுக்கு எட்டியபோது இருபது வருடம் கடந்திருந்தது. அதுவரை யாரும் பணம் அனுப்பவில்லை, பாராட்டவும் இல்லை. திருவேங்கடமாகப் பிறந்தவர் தமிழிலேயே பேசி, தமிழிலேயே ஜெபம் எழுதி, தம் மக்களின் துணையோடு ஒரு ஆலயத்தையும் கட்டி முடித்திருந்தார். 1838இல் அவர் இறந்தார். அச்சில் காப்பாற்றி வைக்கப்பட்ட கடிதங்களைவிட, கடிதமே எழுதப்படாத அந்த இருபது வருடங்கள்தான் அவரை யாரென்று சொல்கின்றன.