திருமுழுக்கும் ஞானஸ்நானமும்



நன்னெறிக் கல்வி வேளையில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "திருமுழுக்கும் ஞானஸ்நானமும் ஒன்றா டீச்சர்?" என்று கேட்டாள். அகராதிப்படி ஒன்றே என்று கூறினேன். அதற்குமேல் வகுப்பறையில் விரித்துரைக்க இயலாது. ஆயினும் பிள்ளையின் கேள்வியைத் தட்டிக்கழிக்கலாகாது என்று பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எஞ்சிய விடையை இங்கு எழுதுகின்றேன்.

எங்கள் குடும்பம் போர்ட் கிள்ளான் கத்தோலிக்கக் குடும்பம். இவ்வூர் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட காலத்தில் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1972இல் ஊரின் பெயர் மாறியது. சில ஆண்டுகள் கழித்து, நான் பிறப்பதற்கு முன், அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து மூன்றாம் நாளில் இறந்தது. அதற்குத் திருமுழுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஆபத்து வேளையில் குருவானவர் இல்லாவிடினும், திருச்சபையின் கருத்தோடு எவரும், திருமுழுக்குப் பெறாதவரும்கூட, தண்ணீர் ஊற்றி மூவொரு இறைவனின் பெயரால் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது கத்தோலிக்கப் போதனை. அன்று அம்மா மயக்கத்தில் கிடந்தார்; அருகில் இருந்தவர் எவருக்கும் அது தோன்றவில்லை. பிள்ளை லிம்போவில் இருக்கின்றது, விண்ணகத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது என்று பாட்டி சாகும்வரை சொல்லிவந்தார். லிம்போ என்பது இறையியலார் பல நூற்றாண்டுகள் பேசிய கருத்தே தவிர, விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிக்கையிடப்பட்டதன்று. இதைப் பாட்டிக்கு எவரும் சொல்லவில்லை.

காலஞ்சென்ற என் சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறை, கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தான். மார்மன் சபை என்றால்தான் பலருக்கும் தெரியும். ஆனால் 2018 முதல் அச்சபையின் தலைமை அப்பட்டப்பெயரைத் தவிர்க்கச் சொல்லிவருகின்றது. சிறுவயதில் திருமுழுக்குப் பெற்ற அவனுக்கு அங்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்தனர். அப்போஸ்தலர்களுக்குப் பின் குருத்துவ அதிகாரம் உலகிலிருந்து எடுபட்டது என்றும், ஜோசப் ஸ்மித் வழியாக அது திரும்ப அளிக்கப்பட்டது என்றும் அவர்கள் நம்புகின்றனர். ஆகவே, பிற சபைகளின் ஞானஸ்நானம் எதையும் அவர்கள் ஏற்பதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் அவர்களுடையதை ஏற்பதில்லை. 2001 ஜூன் 5ஆம் நாள் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்தோடு, அது செல்லாது என்று விடையளித்தது. தமிழ் மெதடிஸ்டோ லுத்தரனோ கத்தோலிக்கராகும்போது முறையாகப் பெற்ற முந்தைய ஞானஸ்நானமே போதும்; மார்மன் ஒருவர் வந்தால் புதிதாகப் பெறவேண்டும். இத்தனைக்கும் "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்றே அவர்களும் சொல்கின்றனர். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதே காரணம். கத்தோலிக்கருக்கு மூவரும் ஒரே கடவுள். அவர்களுக்கோ மூவர் தனித்தனியானவர். நோக்கத்தில் மட்டுமே ஒன்றானவர். தமிழாசிரியை என்ற முறையில் நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் அச்சபையின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர், 1965இல் அங்கு ஞானஸ்நானம் பெற்ற கோயம்புத்தூர்க்காரர். அவர் பெயர் பால் திருத்துவதாஸ்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முழுக்கு என்ற சொல்லைக் கையாளும் நாங்கள் பெரும்பாலும் தலையில்தான் தண்ணீர் ஊற்றுகின்றோம். பழைய வடசொல்லை வைத்துக்கொண்டிருக்கும் அவர்களோ, ஒரு முடிகூட வெளியே தெரியாதபடி ஆளை முழுவதும் நீரில் அமிழ்த்துகின்றனர்.

தம்பி ஒருநாள் அம்மாவிடம் வந்து அமர்ந்தான். "பெரியம்மா, தாத்தாவின் பெயரும் பிறந்த தேதியும் வேண்டும்" என்றான். இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் நீரில் மூழ்கிப் பதிலாள் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் 1840 முதல் அவர்களிடம் உண்டு. இறந்தவரின் ஆவி அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவராயின் நெருங்கிய உறவினரின் அனுமதி தேவை. தாத்தாவுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பிள்ளை அம்மாதான். கோயிலின் திருமுழுக்கு ஏட்டைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டான். முடியாது என்று நானே சொன்னேன். பங்கு ஏடுகளை அச்சபையின் வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்கலாகாது என்று 2008இல் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதியிருந்தது.

அம்மா சினங்கொள்ளவில்லை. "அந்தப் பச்சப்பிள்ளைக்கும் இப்படிச் செய்வீங்களாய்யா?" என்று கேட்டார்.

தம்பி சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டியதில்லை பெரியம்மா. எட்டு வயசுக்கு முன்னாடி போன பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானமே தேவையில்லை. அவங்க நேரா மேலான மகிமைக்குப் போயிடுவாங்கன்னுதான் எங்க சபையில சொல்லுறாங்க" என்றான்.

ஐம்பது ஆண்டுகளுக்கு அருகில் எங்கள் வீட்டில் எவரும் அம்மாவுக்கு அவ்வளவு நேராக ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, நாணமும் வந்தது. திருச்சபை இதைச் சொல்லாமலில்லை. கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருந்தாலும், தம் அருளடையாளங்களுக்கு அவர் கட்டுப்பட்டவர் அல்லர் என்று மறைக்கல்வி ஏடு கூறுகின்றது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கின்றோம் என்றும் அதில் உள்ளது. 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு, அவர்கள் மீட்படைவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று எழுதியது. ஆனால் அது நம்பிக்கைதான், உறுதியான அறிவன்று என்பதையும் அவ்வாவணமே சொல்கின்றது. தம்பியின் சபை உறுதி கூறுகின்றது. என் சபை நம்பச் சொல்கின்றது. ஜென்மப் பாவம் குழந்தைக்கும் உண்டு என்று ஒரு சபையும், ஆதாமின் மீறலுக்குப் பிள்ளை பொறுப்பன்று என்று மற்றொரு சபையும் கொள்வதால் வந்த வேறுபாடு இது. எல்லாம் ஒன்றுதான் என்று நன்னெறித் தாளில் பிள்ளைகள் எழுதுவதைப்போல் இதை மழுப்புவது இரு சபையாருக்கும் மரியாதையாகாது என்பது என் கருத்து.

அன்றிரவு மறைக்கல்வி ஏட்டின் அப்பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இருமுறை படிக்கச் சொன்னார். பாட்டி இருந்திருந்தால் என்று தொடங்கியவர், அதற்குமேல் பேசாமல் எழுந்து சென்றார்.

தாத்தாவின் பெயரை அம்மா கொடுக்கவில்லை. "அவருக்கு ஒருதடவை ஊத்தின தண்ணி போதும்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். அவனும் மறுபடி கேட்கவில்லை. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளன்று கல்லறைக்குச் செல்ல அவனுடைய காரில்தான் போனோம். அவன் செபத்தில் சேரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நின்றான்.