பிச்சாவரத்தின் மூச்சு

தில்லை மரங்கள் செறிந்திருந்தமையால் சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வாய்த்தது என்பர். அம்மரத்தை இன்று காண விரும்புவோர், நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, பிச்சாவரம் உப்பங்கழியில் படகேற வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஆயிரம் எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில், சிறு சிறு திட்டுகளாகப் பரந்து கிடக்கிறது அந்த அலையாத்திக் காடு.

மறைக்கல்வி வகுப்புச் சிறுவர் சிலருடன் நாம் அங்குச் சென்றது, ஓதம் வடிந்து சேற்றுக்கரை வெளிப்பட்டிருந்த வேளை. வெண்கண்டல் மரங்களைச் சுற்றி, எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் வேர்கள் மேல்நோக்கி நின்றன. சேற்றினுள் காற்று இல்லை. ஆகவே அம்மரம் தன் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது.

அவ்வேர்களிடையே விரல் நீளமே உள்ள ஓர் உயிர், தத்தித் தத்தித் தாவியது. “சாமி, இது மீனா, தவளையா?” என்று ஒரு சிறுவன் வினவினான். மீன்தான்! செவுள் அறையில் சிறிது நீரைத் தேக்கிக்கொண்டு அது கரையேறுகிறது. ஈரமான தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலுள்ள பிராணவாயுவை ஈர்த்துக்கொள்கிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். எனவே அடிக்கடி சேற்று நீரில் புரண்டு எழுகிறது. அருகில் வளை தோண்டிய நண்டும் அவ்வாறே. அதன் செவுள்கள் ஓட்டினுள் மறைந்துள்ளன. அவை நனைந்திருக்கும் வரை கரையிலும் அது உயிர் வாழும். கட்டி வைத்த நண்டின்மேல் வியாபாரிகள் ஈரச் சாக்கை இடுவதன் காரணம் இதுவே.

நீரில் மூச்சு விடுவது எளிய செயலன்று. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் பிராணவாயு உண்டு. ஒரு லிட்டர் நீரிலோ 10 மில்லிலிட்டருக்கும் குறைவு. இந்தச் சிறு அளவிலிருந்து வாழ வேண்டிய மீனின் செவுளில், நீர் ஒரு திசையிலும் குருதி எதிர்த் திசையிலும் ஓடுமாறு அமைந்துள்ளது. அதனால் நீரிலுள்ள பிராணவாயுவின் பெரும்பகுதியை அது பெற்றுவிடுகிறது.

படகின் மேலே பறந்த தும்பிக்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. உடலின் பக்கங்களிலுள்ள நுண்துளைகள் வழியே காற்று நுழைந்து, மெல்லிய குழாய்களால் உறுப்புதோறும் நேரே சென்று சேர்கிறது. கிளையில் சிறகு உலர்த்திய நீர்க்காகத்திற்கோ நுரையீரலுடன் காற்றுப் பைகளும் உண்டு. ஆகவே மூச்சை வெளிவிடும்போதும் அதன் நுரையீரலில் புதுக்காற்று பாய்கிறது. கடலில் வாழும் ஓங்கில், நீரில் இருந்தும் நுரையீரலாலேயே மூச்சு விடுகிறது. உறங்கும்போதும் அதன் மூளையின் ஒரு பாதி விழித்திருந்து, மூச்சுக்காக அதனை மேலே வரச் செய்கிறது.

வழிகள் பல, தேவை ஒன்றே. களிமண்ணால் ஆன மனிதனுக்கு இறைவன் தம் மூச்சை ஈந்தார் என ஆதியாகமம் கற்பிக்கிறது. அம்மூச்சு நாம் ஈட்டிய சொத்தன்று. ஒவ்வொரு நொடியும் பெற்றுக்கொள்ளும் கொடை.

கொடையைக் கெடுக்கவும் நம்மால் இயலும் என்பதற்கு இக்காடே சான்று. முற்காலத்தில் இங்கு மரங்களை முறைவைத்து வெட்டினர். வெட்டிய இடம் தாழ்ந்தது; புகுந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கியது; உப்பு மிகுந்து காடு பட்டுப்போயிற்று. 1990-களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களுடன் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீரை மீண்டும் ஓடவிட்டனர். காடு துளிர்த்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களில் சேதம் குறைந்தே காணப்பட்டது. எம் படகோட்டி இதனை ஒரே வரியில் சொன்னார்: “தண்ணி ஓடுற வரைக்கும் காடு இருக்கும், காடு இருக்கிற வரைக்கும் நாங்க இருப்போம் சாமி.”

அன்பர்களே, நம் ஊர்க் குளங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கழிவு கலந்த நீரில், அதனை மக்கச் செய்யும் கிருமிகளே பிராணவாயுவை உண்டு தீர்க்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது விளையாட்டன்று, மூச்சுத் திணறல். வாய்க்காலில் ஒரு குப்பைப் பையை எறியும் கை, எங்கோ ஒரு மூச்சை அடைக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், இவ்வுலகை நம் பொது இல்லம் என்று அழைத்தார். அந்த இல்லத்தில் நம்முடன் குடியிருக்கும் மீனும் நண்டும் தும்பியும் வாய் திறந்து முறையிடா. அவற்றின் நீர் ஓடவும், காற்று தூயதாய் இருக்கவும் காவல் நிற்பது, மூச்சைக் கொடையாய்ப் பெற்ற நம் கடமையன்றோ?