நீர்த்துப் பார்த்த பிறகே அது எண்

எலிசா பிளேட்டில் டிஎம்பி கரைசலை விட்டதும் குழி குழியாக நீலம் ஏறும். கந்தக அமிலத்தைச் சேர்த்தால் வினை நின்று நீலம் மஞ்சளாகும். அந்த மஞ்சளை ரீடர் 450 நானோமீட்டரில் படிக்க, கணினி அதை ஸ்டாண்டர்டு கர்வில் வைத்து ஓர் எண்ணாக்கித் தருகிறது. ரீடர் கண்டது நிறத்தைத்தான், புரதத்தை அல்ல. நிறத்துக்கும் புரதத்துக்கும் நடுவே இரண்டு ஆன்டிபாடிகள், ஒரு நொதி, பலமுறை கழுவல் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது தடம் மாறியதா என்று அறிய நம் கையிலுள்ள எளிய வழி, சாம்பிளை நீர்த்து ரிபீட் போடுவது. பாதியாக நீர்த்தால் ரீடிங்கும் ஏறக்குறைய பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் முதல் எண்ணை நம்பக் கூடாது.

புரோலாக்டினைப் பாருங்கள். குழியில் ஒட்டிய ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்க, நொதி தாங்கிய இன்னொன்று அதே புரதத்தின் மறுபக்கம் வந்து அமர்ந்தால்தான் நிறம் வரும். பிட்யூட்டரியில் பெரிய கட்டி இருந்து புரோலாக்டின் மிதமிஞ்சிப் போனால், இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனி மூலக்கூறுகள் நிரப்பிவிடும். ஜோடி சேராது, ரீடிங் சரியும். ஆயிரக்கணக்கில் வரவேண்டியது சில நூறுக்குள் நின்றுவிடும். இதுதான் ஹூக் எஃபெக்ட். 1960-ல் பெர்சனும் யாலோவும் இன்சுலினை அளந்த ரேடியோஇம்யூனோஅஸே முறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே புரதம் கூடக் கூட ஆன்டிபாடியோடு சேரும் கதிரியக்கம் குறைந்துகொண்டே போகும், திரும்பி ஏறாது. புரதத்தை இரு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிக்கும் இந்தச் சாண்ட்விச் முறையால் நுண்ணுணர்வு கூடியது, இந்தப் பொறியும் கூடவே வந்தது. விளைவு சிறியதல்ல: குறைந்த எண்ணைப் பார்த்துக் கட்டி புரோலாக்டின் சுரப்பதல்ல என்று முடிவுகட்டினால், பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கக்கூடிய கட்டிக்காக ஒருவர் அறுவைசிகிச்சை மேசைக்குப் போய்விடலாம். 1:100 நீர்த்தல் ஒன்று அதைத் தடுத்திருக்கும்.

இப்போதைய இயந்திரங்கள் பல, இரண்டாவது ஆன்டிபாடியைச் சேர்க்கும் முன் ஒருமுறை கழுவிவிடுகின்றனவே என்பார்கள். உண்மை, அதனால் ஹூக் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் சிலர் ரத்தத்திலேயே இருக்கும் ஹெட்டெரோஃபைல் ஆன்டிபாடிகள், புரதமே இல்லாமல் இரண்டு கிட் ஆன்டிபாடிகளையும் பாலம் போட்டு இணைத்துவிடும். அதை எந்தக் கழுவலும் முழுதாக நீக்காது. நீர்க்கும்போது ரீடிங் கணக்குக்கு ஒத்துவராமல் இறங்குவதுதான் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுக்கும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. ஐஜிஜியோடு ஒட்டிக்கொண்ட புரோலாக்டினான மேக்ரோபுரோலாக்டின் பெரும்பாலும் ஒழுங்காகவே நீர்ந்து காட்டும், பீஇஜி சேர்த்து வீழ்படிவாக்கினால்தான் பிடிபடும். ஒப்புக்கொள்கிறேன். நேர்விகிதமாக நீர்ந்தது என்பதற்காக எண்ணுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. நீராவிட்டால் நிச்சயம் நிராகரிக்கலாம். ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவருக்கு அந்த நிச்சயமே பெரிய பலம்.

எல்லாச் சாம்பிளையும் இரண்டு தடவை ஓட்டக் கிட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியும் நியாயமானது. எல்லாவற்றுக்கும் வேண்டாம். ரீடிங்கும் நோயாளியின் நிலையும் முரண்படும் இடத்தில் போதும். அந்த முரண் லேபுக்குத் தெரியவேண்டுமே! சோதனைச் சீட்டில் பெரும்பாலும் டெஸ்ட்டின் பெயரைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. ‘எம்ஆர்ஐயில் பெரிய கட்டி’ என்று மருத்துவர் மூன்று சொல் எழுதியிருந்தால், 1:100 போட டெக்னீஷியனுக்கு வேறு உத்தரவே தேவையில்லை.