இரண்டாம் கியரில் நின்ற லோடர்

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நிற்பதில்லை. முப்பந்தல் காற்றாலைகளுக்கு அது வரவு. கல்குவாரியில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பவருக்கோ கண்ணெல்லாம் பாறைப்பொடி. நான் போன குவாரியில் வீல் லோடர் ஒன்றை ஓரங்கட்டி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். காலையில் ஒழுங்காக ஓடுமாம். வெயில் ஏறி, லோடோடு மேடு ஏறும்போது மஞ்சள் விளக்கு எரியும். பிறகு இரண்டாம் கியரைத் தாண்டாது. ஏற்கெனவே இரண்டு முறை புது வேக சென்சார் மாட்டியாயிற்று.

வந்திருந்த எலக்ட்ரீசியனை அங்கே எல்லோரும் ஆசான் என்றே கூப்பிட்டார்கள். கல்ஃபில் பல வருஷம் கனரக வண்டிகளோடு கிடந்தவர். உதவிக்குக் கோணம் ஐடிஐயில் படித்த பையன் ஒருவன். வந்ததும் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் நுழையப் போனான்.

“எலேய் மக்கா, ஸ்பானர வையி. முதல்ல ஓட்டுனவன்ட்ட கேளு.”

ஆப்பரேட்டர் ஒடிசாக்காரர். சவூதியில் பிடித்த ஹிந்தியில் ஆசானே விசாரித்தார். விளக்கு எந்த மேட்டில் எரிந்தது, பக்கெட்டில் லோடு இருந்ததா, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறதா? பேச்சு நீண்டுகொண்டே போனது. குவாரி முதலாளி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த சென்சார் பெரிய மாயம் ஒன்றுமில்லை. டிரான்ஸ்மிஷனின் அவுட்புட் ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒட்டி அதைத் திருகியிருப்பார்கள். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செப்புக்கம்பிச் சுருள். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சின்னதாக ஒரு மின்துடிப்பு எழும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த சங்கதிதான். 60 பல் சக்கரம் என்றால் கணக்கு சுலபம். நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ, அத்தனை ஹெர்ட்ஸ். கேபினில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்தத் துடிப்புகளை எண்ணித்தான் எப்போது கியர் மாற்றுவது, ஓடுகிற வேகத்தில் ரிவர்ஸுக்கு விடலாமா என்று முடிவு செய்கிறது. எண்ணிக்கை நின்றுபோனால், கிளட்ச் தகடுகளைக் காப்பாற்றக் கீழ்க் கியரோடு நிறுத்திக்கொள்ளும். எந்தக் கியர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மூன்று கம்பி வரும் ஹால் சென்சார் வேறு ரகம். அதற்கு வெளியிலிருந்து சப்ளை வேண்டும். அதில் ஓம் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஹால் சென்சாரைக் கழற்றி எறிவதும் நடக்கிறது.

டிஸ்ப்ளேயில் எஸ்.பி.என். 191, எஃப்.எம்.ஐ. 5 என்று நின்றது. ஜே1939 என்ற பொது ஏற்பாட்டின்படி எழுதப்படும் எண்கள் இவை. ஆரல்வாய்மொழியிலும் ரியாத்திலும் ஒரே பொருள்தான்.

“191 எடத்தச் சொல்லுது, அவுட்புட் ஷாஃப்டுக்க வேகம். 5ண்ணா கரண்டு போகல்ல, எங்கியோ அறுந்து கெடக்கு. அறுந்தது சென்சாருக்க உள்ளயா வெளியயாண்ணு அந்தப் பெட்டிக்குத் தெரியாது” என்றார் ஆசான்.

பேட்டரி ஸ்விட்சை அணைத்து, கேபினுக்குள் பெட்டியின் கனெக்டரைப் பிரித்து, சென்சாருக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் மீட்டர் வைத்தார். ஆயிரத்துச் சொச்சம் ஓம். கையிலிருந்த புது சென்சாரும் ஏறக்குறைய அதையே காட்டியது. இரண்டு கம்பியும் பாடியோடு ஒட்டவில்லை.

“நல்லாத்தான இருக்கு ஆசானே?”

“வண்டி சும்மா கெடக்கும்போ நல்லாத்தான் இருக்கும். நீ கீழ போயி வயர அசைச்சுக் குடு. பைய.”

பையன் முதலில் சென்சார் கனெக்டரைப் பிரித்தான். பின்களில் பச்சைக் களிம்பு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது, கடற்காற்று வேறு. போதாததற்கு வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை நேராகக் கனெக்டரிலேயே அடிக்கிறார்கள். துடைத்து மாட்டியும் எண் அசையவில்லை. சாண் சாணாக வயரை ஆட்டிக்கொண்டே போனான். ஹைட்ராலிக் ஹோஸ் பக்கத்தில், சட்டத்தின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் மீட்டர் ‘ஓ.எல்.’ என்றது, இணைப்பு அறுந்தது என்று பொருள். விட்டதும் பழைய எண் வந்தது.

ஹோஸ் மாற்றிய யாரோ அங்கிருந்த கிளாம்பைத் திரும்பப் போடவில்லை. மேல் ரப்பர் முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. லோடோடு மேடு ஏறும்போது டிரான்ஸ்மிஷன் தன் ரப்பர் மவுண்டுகளில் கொஞ்சம் திரும்பும். அந்த இழுப்பில்தான் அறுந்த நுனிகள் விலகியிருக்கின்றன. ஆப்பரேட்டரிடம் கேட்ட கேள்விகளுக்குப் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெட்டி இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, இரண்டு கம்பிகளையும் பழையபடி முறுக்கி விட்டார். முறுக்குப் பிரிந்திருந்தால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் சிக்னலுக்குள் நுழையுமாம். பிறகு கிளாம்பு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சென்சாரையும் கழற்றச் சொன்னார். முனையில் மெல்லிய இரும்புப்பொடி, காந்தமாயிற்றே. துடைத்துவிட்டு டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். நேர் கீழே பல் நிற்க வேண்டும். பள்ளம் நிற்கும்போது முட்டத் திருகிவிட்டால், அடுத்த பல் வந்து முனையை உடைத்துவிடும். பல்லில் தொட்டதும் அரைச் சுற்றுப் பின்வாங்கினார். புரிக்கு 1.5 மி.மீ. ஏற்றம் உள்ள சென்சார், ஆகவே இடைவெளி 0.75 மி.மீ. இந்த அளவு வண்டிக்கு வண்டி வேறு. கையேட்டைப் பையனிடம் எடுக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துக் கேபினில் ஏறிக்கொண்டார். வேகம் கூடக் கூட வோல்ட்டும் ஏறியது. லோடோடு அதே மேடு. மூன்றாம் கியர் விழுந்தது. விளக்கு எரியவில்லை.

கூலி பேசும்போதுதான் சிக்கல். “ஒரு முழம் வயருக்கா இவ்வளவு?” என்றார் முதலாளி. தேவைப்படாத இரண்டு சென்சாருக்குப் பில் கட்டியவர் அவர். உதிரிபாகத்துக்குக் கொடுக்கத் தயங்காத கை, தேடிக் கண்டுபிடித்ததற்கு மட்டும் சுருங்குவதை நான் வேறு பட்டறைகளிலும் பார்த்திருக்கிறேன். ஆசான் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். குறைத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.

பைக்கை எடுக்கும்போது போன் வந்தது. தேங்காப்பட்டணம் பக்கம் ஒரு கிரேடர், இதே புகார். சென்சார் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்கிறார்கள்.

“கோடு என்ன காட்டுது?”

191 என்றார்கள்.

“அதுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும். அத நோக்கிட்டுக் கூப்பிடுங்க. ஒண்ணும் வாங்காண்டாம்.”