சுருக்குப் பையில் கேதாரம்

கும்பகோணத்தில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் பங்குனி மாதத்தில் இராமேசுவரத்தில் மணல் எடுத்துக்கொண்டு வடநாட்டு யாத்திரைக்குப் புறப்பட்டனர். பிரயாகை, காசி, கயை, அயோத்தி, ஹரித்வார், ரிஷிகேசம், அதன்பின் கேதாரமும் பத்ரியும். முடிவில் கங்கைத் தீர்த்தத்துடன் மீண்டும் இராமேசுவரம். ஏறக்குறைய 70 நாள் பயணம். அம்மையாரும் அவருடைய மூத்த சகோதரியும் சேர்ந்து போவதென்று பல்லாண்டுகளாகப் பேசிவைத்திருந்த யாத்திரை அது. ஆனால் 84 வயதான அக்காள் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு இருந்தார். புறப்படும் நாளில் அவர் தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு, "நீ பார்க்கிறதையெல்லாம் எனக்கும் கொண்டு வா" என்றார்.

கங்கையைச் சொம்பில் அடைத்துக் கொண்டுவந்துவிடலாம். பார்த்ததைக் கொண்டுவருவதற்கு என்ன செய்வது? அக்காளின் மகன் தலைமையாசிரியரின் கைபேசியை வாங்கிச் சில மாற்றங்கள் செய்து கொடுத்தான். "சித்தப்பா, வைஃபை கிடைக்கும் விடுதிகளில் படங்கள் தாமாகவே இணையக் கிடங்குக்குப் போய்விடும். கவலையே வேண்டாம்" என்றான். கவலையே வேண்டாம் என்று இளைஞர்கள் சொல்லும்போது பெரியவர்கள் சற்றுக் கவலைப்படுவது நல்லது.

திரிவேணியில் படகிலிருந்தபடி மணலைக் கரைத்தது, காசியில் மாலை ஆரத்தி, படித்துறைகளின் விடியற்காலை என்று எல்லாவற்றையும் அவர் எடுத்தார். விசுவநாதர் சந்நிதிக்குள் கைபேசி கூடாது. வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவர் அதில் மனநிறைவே கொண்டார். மூலவரைக் கண்ணால் மட்டுமே கொண்டுவர வேண்டும் என்பது அவர் கொள்கை. கயையில் பல்குனி நதிக்கரையில் பிண்டமிட்டபோது மட்டும் கைபேசியைத் துணைவியாரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னார். புரோகிதர் கேட்கக் கேட்க முன்னோர் பெயர்களைச் சொல்லிவந்தவர், தம் தாயாரின் பெயரைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தார். தாயாரின் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி நெடுங்காலமாகியிருந்தது.

ரிஷிகேசம் வந்து சேர்ந்தபோது கைபேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே வேறோர் அறிவிப்பு பலமுறை வந்திருந்தது; ஆங்கிலத்தில் ஏதோ விளம்பரம் என்றெண்ணி அவர் அதை விரலால் தள்ளிவிட்டிருந்தார். இணையக் கிடங்கு நிறைந்துவிட்டது என்பதே அந்த அறிவிப்பு. கூகுள் கணக்கொன்றுக்கு விலையின்றிக் கிடைப்பது 15 ஜிபி இடம். மின்னஞ்சல், படங்கள், பிற கோப்புகள் அனைத்துக்கும் சேர்த்தே அது. 4கே தரத்தில் எடுக்கும் காணொளியோ ஒரு நிமிடத்துக்கே சுமார் 350 எம்பி வரை விழுங்கும். ஒரு மணி நேரத்துக்கு 20 ஜிபிக்கு மேல் வேண்டும். காசியில் மூன்று மாலை ஆரத்தியிலேயே கிடங்கு நிரம்பிவிட்டது. அதன்பின் எதுவும் மேலே செல்லவில்லை.

இதையறியாத தலைமையாசிரியர், எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் பிரயாகை, காசி, கயைப் படங்கள் அனைத்தையும் தெரிவுசெய்து நீக்கினார். நீக்கியும் இடம் கிடைக்கவில்லை. குப்பைத் தொட்டியில் கிடப்பதைக் கண்டு அதையும் காலிசெய்தார். மேலே சென்று சேர்ந்த படமானாலும், செயலிக்குள் இருந்து நீக்கினால் இரண்டிடத்திலும் நீங்கிவிடும். சேர்ந்தவற்றைக் கைபேசியிலிருந்து மட்டும் நீக்கி இடம் உண்டாக்கும் கட்டளை தனியே உண்டு. தொட்டியை அவர் தொடாமல் விட்டிருந்தால், மேலே சென்றவை 60 நாள்களும் செல்லாதவை 30 நாள்களும் மீட்கத்தக்கனவாய் இருந்திருக்கும். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கமே அங்கே அவருக்குப் பகையாயிற்று.

அன்றிரவு அவர் உண்ணவில்லை. திண்ணையில் அமர்ந்து கங்கையின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் வகுப்பில் அவர் சொல்லிவந்த வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் இருப்பதை நம்பியாண்டார் நம்பி வழியாக அறிந்து இராசராசன் திறக்கச் செய்தபோது, புற்று மூடிச் செல்லரித்துக் கிடந்தன என்பதும், எஞ்சியவையே இன்று நாம் ஓதுபவை என்பதும் மரபு. "அதைச் சொல்லும்போதெல்லாம் கரையானைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறேன். ஒரே அறையில் வைத்ததை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை" என்றார் துணைவியாரிடம்.

அம்மையார் சிறிதுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "என்னங்க, கயையில் பிடித்தமான ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்கள். நீங்கள் பாகற்காயை விட்டீர்கள். அதை நீங்கள் எந்தக் காலத்தில் தின்றீர்கள்? அதனால்தான் பிடித்தமானதை அவரே எடுத்துக்கொண்டார்" என்றார். தலைமையாசிரியர் அழுவதற்கு இருந்தவர் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை ஊரிலிருந்து அக்காள் மகன் பேசியபோது எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு மாலையும் அம்மையார் அக்காள் பார்ப்பதற்காக வாட்ஸ்ஆப்பில் இரண்டு மூன்று படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அவையெல்லாம் அவன் கைபேசியில் அப்படியே இருந்தன. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தரம் குறைந்துதான் போகும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பியிருந்தால் அப்படியே போயிருக்கும். ஆயினும் மணல் கரைத்தது இருந்தது. காசி ஆரத்தியில் ஒரு சிறு துண்டு இருந்தது. பாதுகாப்புக்காக வைத்தவை அழிந்தன. அன்பினால் கொடுத்தவை தங்கின. கயை மட்டும் இல்லை. அதைக் கோயில் படமென்று கருதாததால் அம்மையார் அனுப்பவில்லை.

அன்றே ரிஷிகேசக் கடைத்தெருவில் கைபேசியில் நேரே செருகத்தக்க பென்டிரைவ்கள் இரண்டு வாங்கினார்கள். காணொளியின் தரத்தை 1080க்குக் குறைத்தார்கள். பாதிக்கும் குறைவான இடமே பிடித்தது, தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு அதுவே தாராளம். சில பென்டிரைவ்கள் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்பதில்லை என்று கடைக்காரர் சொன்னதால், நீண்ட நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக எடுக்கப் பழகினார். இரவு உணவு முடிந்ததும் அன்றைய படங்களை இரண்டு பென்டிரைவிலும் படியெடுப்பார். படியெடுத்ததோடு விடாமல், பென்டிரைவில் உள்ளதையே திறந்து ஓட்டிப் பார்ப்பார். அதற்குமுன் எதையும் நீக்குவதில்லை. கைபேசி அவர் சட்டைப்பையில். ஒரு பென்டிரைவ் பெட்டியில். மற்றொன்று அம்மையாரின் இடுப்பிலிருந்த சுருக்குப் பையில், விபூதிச் சம்புடத்துடன். மூன்றும் ஒருபோதும் ஒரே பைக்குள் போகவில்லை.

கேதாரம் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. குளிரில் கைபேசியின் மின்கலம் விரைவில் சோர்ந்துபோகும் என்பதால், அவர் அதை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு அணைத்தே கொண்டுசென்றார். தரிசனம் முடிந்து வெளியே வந்து, 2013ஆம் ஆண்டு வெள்ளத்தில் உருண்டுவந்து கோயிலுக்குப் பின்னால் நின்ற பெரும்பாறையின் அருகே அம்மையார் நின்றார். சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தபடியே பாடியருளிய தலம் கேதாரம். வர இயலாதவர்களுக்கும் உரிய தலம் அது என்று அவர் எண்ணியிருக்கலாம். சம்பந்தர் பதிகத்தை மூச்சு வாங்க வாங்கப் பாடி முடித்தார்.

பத்ரியில் பிரம்மகபாலத்தில் தலைமையாசிரியர் மீண்டும் பிண்டமிட்டார். இம்முறை கேட்காமலேயே அம்மையார் கைபேசியை வாங்கிக்கொண்டார். கை நடுங்கியதில் படம் முழுதும் ஆடியிருந்தது. பெயர்கள் தெளிவாகக் கேட்டன. மலையிலிருந்து இறங்கியதும் பெட்டியிலிருந்த பென்டிரைவை ஸ்பீடு போஸ்டில் கும்பகோணத்துக்கு அனுப்பினார்கள். அது கிடைத்து, திறந்து பார்த்தாயிற்று என்று செய்தி வரும்வரை கைபேசியிலிருந்து ஒன்றையும் அவர் அழிக்கவில்லை.

ஆனி மாதத்தில் இராமேசுவரத்தில் கங்கை நீரால் அபிஷேகம் செய்வித்துவிட்டு இருவரும் ஊர் திரும்பினர். அக்காளின் கட்டிலுக்கு எதிரே தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகி ஓட்டினான் மகன். கண்புரையால் பார்வை மங்கியிருந்த அக்காள், பனிமலை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பதிகம் முடியும்வரை அசையவில்லை.

"ஏண்டி, நடுவிலே இப்படி மூச்சு வாங்குகிறதே?"

"மலை, அக்கா. காற்றுப் போதவில்லை."

"நாலாவது பாட்டை விட்டுவிட்டாயே."

அம்மையார் திகைத்துப் போனார். விட்டது அவருக்கே தெரியாது. அக்காள் தலையணையிலிருந்து சற்று நிமிர்ந்து, மெல்லிய குரலில் அந்த நான்காம் பாட்டைப் பாடத் தொடங்கினார். தலைமையாசிரியர் ஓசைப்படாமல் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

அன்றிரவும் உணவுக்குப் பின் சுருக்குப் பை அவிழ்க்கப்பட்டது.