தேன் தராத தேனீக்கள்

திருப்பத்தூருக்குக் கிழக்கே ஜவ்வாது மலை நெடிதுயர்ந்து நிற்கின்றது. அம்மலைவாழ் மக்கள் சாமை விளைவிப்பர்; பாறையிலும் மரக்கிளையிலும் தொங்கும் அடைகளிலிருந்து தேன் எடுப்பர். ஆதலால், தேனீ என்றதும் தேனே அவர்தம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும், உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மனிதனுக்குத் தேன் தருவதில்லை. அவற்றிற்கு அரசியும் இல்லை; கூட்டமும் இல்லை. ஒவ்வொரு தாயும் தனித்தே கூடு அமைத்து வாழ்கின்றது.

தேன் தராவிடினும் அவை செய்யும் தொண்டு பெரிது. கத்தரிப் பூவின் மகரந்தப் பையில் நுனித்துளை மட்டுமே உண்டு. தச்சுத் தேனீ அப்பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும். உடனே, சல்லடையிலிருந்து மாவு உதிர்வதுபோல் மகரந்தம் உதிரும். பெட்டிகளில் வளரும் அடுக்குத் தேனீ இவ்வித்தையை அறியாது. துவரைப் பூவின் மூடிய இதழ்களைத் திறந்து மகரந்தம் சேர்ப்பதிலும் தச்சுத் தேனீயும் இலைவெட்டித் தேனீயும் வல்லவை.

இலைவெட்டித் தேனீயின் உழைப்பு வியப்புக்குரியது. அது இலையை வட்டமாக நறுக்கி எடுத்துச் சென்று, குழல் போன்ற பொந்தினுள் சிற்றறை அமைக்கும். அதில் மகரந்தமும் பூந்தேனும் கலந்த உணவை வைத்து, ஒரு முட்டையிட்டு, இலையால் மூடும். பின்னர் அடுத்த அறையைத் தொடங்கும். உள்ளறைகளில் பெண்மகவும் வாயிலை அடுத்த அறைகளில் ஆண்மகவும் வளரும். தான் ஈன்ற மக்களின் முகத்தைப் பெரும்பாலும் அத்தாய் காண்பதில்லை.

இவ்வுயிர்களுக்கு இன்று இருக்க இடம் குறைந்து வருகின்றது. உலர்ந்த மரங்கள் விறகாகின்றன, மண்சுவர்கள் மறைகின்றன, முற்றங்கள் சிமெண்டால் மூடப்படுகின்றன. அடுக்குத் தேனீக்கோ முன்னரே வீடு கிடைத்தது. பாதிரியார் நியூட்டன் அதற்கெனத் தனிப் பெட்டி ஒன்றை வகுத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். எனினும், 1991-92 ஆம் ஆண்டுகளில் பரவிய நச்சுயிரி நோயால் தென்னிந்திய அடுக்குத் தேனீக்கள் பெருமளவில் மடிந்தன. ஒரே இனத்தை நம்பியிருத்தல் தோட்டத்திற்குக் காவலன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

தனித்து வாழும் தேனீக்கு மனை அமைத்தல் எளிது. 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை உட்குழிவுள்ள மெல்லிய மூங்கில்களை 15 சென்டிமீட்டர் நீளமாக அறுத்தல் வேண்டும். ஒரு முனை கணுவால் அடைபட்டிருத்தல் நன்று. திறந்த முனையின் சிலாம்பு சிறகைக் கிழிக்கும். ஆதலின் அதனைத் தேய்த்து மழமழப்பாக்குதல் வேண்டும். பின்னர்க் குழல்களைக் கட்டாகக் கட்டி, மழை படாத இறவாரத்தின்கீழ், காலை வெயில் விழும் திசை நோக்கி அசையாது பொருத்துதல் வேண்டும். குஞ்சுகள் வெளியேறியபின் பழைய குழல்களை அகற்றிப் புதியன வைத்தல் வேண்டும். இன்றேல் உண்ணியும் பூஞ்சணமும் பெருகும். மண்ணில் வளை தோண்டும் இனங்களுக்காகத் தோட்டத்தின் ஒரு மூலையைக் கொத்தாமல் விடுதலும் நன்று. அருகே பூச்சிக்கொல்லி தெளித்தல் ஆகாது.

இம்மனையில் குடியேறும் உயிர் ஒரு துளித் தேனும் கொண்டுவந்து கொடுக்காது. ஆயினும், அண்டை வயலில் துவரை கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்போது அதன் உழைப்பும் அங்கே விளைந்து நிற்கும். கைம்மாறு கருதாது உழைக்கும் சிற்றுயிருக்கு ஒரு மூங்கில் துண்டளவு இடம் அளித்தல் மனிதர்க்கு அரிய செயலன்று.