அக்னியில் புழுத்தொட்டி

மே 4, ஞாயிறு
அக்னி பிறந்தாச்சு. செப்டிக் டேங்குக்குப் பதிலாகக் கக்கூஸுக்கு வைத்த மண்புழுத்தொட்டி, அதன் மூடியில் கை வைக்க முடியவில்லை. தேங்காய்மட்டைத் துண்டுக்குள் தெர்மாமீட்டர் செருகிப் பார்த்தேன், 33. 35-ஐத் தாண்டினால் புழு தாங்காது. கோணிச்சாக்கை நனைத்து மூடி மேல் போட்டேன். வாடை இல்லை.

மே 6, செவ்வாய்
34. திரும்பவும் சாக்கு. இடுப்பு விட்டுப்போகிறது. அத்தை திண்ணையிலிருந்து, "ஏனம்மிணி, எம்மட வூட்ல மனுசங்களுக்கே ஃபேனு பத்தல." சுருக்கென்றது. ஒன்றும் சொல்லவில்லை. கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுங்கள் என்றால் இவர் நாளைக்கு என்கிறார். எந்த நாளைக்கு? வாடை இல்லை.

மே 9, வெள்ளி
விருந்தாளிகள் கிளம்பிய பிறகு பார்த்தால் கக்கூஸ் மூலையில் காலி ஆசிட் பாட்டில். சுத்தம் பண்ணிக் கொடுத்தார்களாம்! தொட்டியைத் திறந்தேன். கொத்துக் கொத்தாகச் சுவரேறி நிற்கின்றன. தோலால் மூச்சு விடுகிற ஜீவன், எங்கே ஓடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அலசினேன். அவசரப்பட்டால் தேங்கிவிடும், தேங்கினாலும் சாவுதான். கை நடுக்கம் இரவுவரை நிற்கவில்லை.

மே 10, சனி
தூக்கம் இல்லை. மேலே கொஞ்சம் செத்துக் கிடக்கின்றன. அடியில் நெளிகின்றன. போதும், பிழைத்துக்கொள்ளும். பிழைக்காவிட்டால்? மறுபடி செப்டிக் டேங்க், மறுபடி லாரி. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னும் இறக்குகிறார்கள். இந்த வீட்டுக்காக ஒருத்தரும் குழிக்குள் இறங்கக் கூடாது. ஒருத்தரும். லேசாக வாடை.

மே 14, புதன்
நேற்று ராத்திரி மழை. 29! மட்டைத் துண்டைப் புரட்டினேன். ஈர நாரில் முட்டைக்கூடுகள். எள்ளைவிடச் சற்றே பெரிசு, தேன் நிறம், இரண்டு முனையும் கூம்பி. நகத்தில் ஒன்றை ஏந்திப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தேன். இவரைக் கூப்பிட்டேன். காபி குடித்துவிட்டு வருகிறாராம். சந்தோஷமாக இருந்தது, அதனால் திட்டவில்லை. வாடை இல்லை.

மே 17, சனி
எதிர்வீட்டில் லாரி. தெருவே நாறுகிறது. குழாய் எட்டவில்லை போல, சின்னப் பையன் ஒருத்தன் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "இறங்காதே தம்பி!" என்று வாசலில் நின்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தான், இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.
சாயங்காலம் பந்தல் ஏறிவிட்டது. ஜல்லியில் வடிந்து வருகிற தண்ணீரைக் கீரைப்பாத்திக்குத் திருப்பலாமா என்கிறார் இவர். கூடவே கூடாது. மண்புழு மலத்தைத் தின்னும், குடல்புழு முட்டை அதற்கும் தப்பும். வாழைக்கு மட்டும்தான். எத்தனை தடவை சொல்வது.